முன் தாழ்ந்த வண்டி

வண்டி சுமைக்காகப் பிறந்தது. சுமையின்றி நிற்கும் வண்டியைக் கண்டு அதன் அழகையும் குறையையும் முடிவு செய்தல், கொட்டிலில் சாத்திவைத்த ஏரைக் கண்டு உழவை மதிப்பிடுதல் போன்றதாகும். இவ்வுண்மையைத் தச்சர் ஒருவர் தம் கையாலேயே செய்து, தம் கண்ணாலேயே கண்டு தெளிந்த வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிக்கப் எனப்படும் சிறு சுமைவண்டி இல்லாத ஊர் இல்லை. அதன் முன்புறத்தில் ஓட்டுநர் அமரும் அறை. பின்புறத்தில் கூரையற்ற சுமைத்தொட்டி. தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் இவ்வண்டியை விற்கவில்லை. உழவரும் கைவினைஞரும் தம் கார்களின் பின்புறத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் மரத்தொட்டியைத் தாமே பொருத்திக்கொண்டனர். அவர்தம் தேவையைக் கண்ட ஃபோர்டு நிறுவனம், 1925ஆம் ஆண்டில் தன் மாடல் டி காரில் இத்தகைய தொட்டியைத் தொழிற்சாலையிலேயே அமைத்து, 281 டாலர் விலைக்கு விற்கத் தொடங்கியது. ஆகவே, வீட்டு முற்றத்தில் வண்டியை மாற்றியமைக்கும் வழக்கம் பிக்கப் வண்டியுடன் உடன்பிறந்தது எனலாம்.

மேடுபள்ளங்களில் சக்கரம் ஏறி இறங்கும்போது அவ்வதிர்ச்சி வண்டியின் உடலைத் தாக்காதவாறு தாங்குவது வில்லமைப்பு. மாடல் டி காரின் முன் அச்சின்மேல், பட்டை பட்டையாக அடுக்கிய ஒரே வில் குறுக்காக வளைந்து கிடந்தது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் அச்சு முழுவதும் சாயும்; மறு சக்கரமும் அதன் துன்பத்தில் பங்கு கொள்ளும். பின்னர் இரு முன்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் முறை கார்களில் பரவிற்று. 1960ஆம் ஆண்டில் செவர்லே நிறுவனம் அம்முறையைத் தன் சுமைவண்டிகளிலும் புகுத்தியது. அப்போது வில்லாகப் பயன்பட்டது முறுக்கிக்கொடுக்கும் இரும்புத் தண்டு. 1963ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாகச் சுருள்வில் வந்தது. ஃபோர்டு நிறுவனமோ 1965ஆம் ஆண்டில், ஒரே அச்சுக்கு ஈடாக இரண்டு உத்திரங்களை இணைக்கும் வேறொரு வழியைக் கையாண்டது. இவ்வாறு வண்டியின் முன்கால்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய வடிவம் பெற்றன.

இனி, தச்சர் வரலாற்றைக் காண்போர் ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் செல்லல் வேண்டும். அங்கு ஐம்பது வயதைக் கடந்த தச்சர் ஒருவர் தம் மனைவியுடனும், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மகளுடனும் வாழ்ந்து வந்தார். கருவாலி மரப் பலகைகளை அறுப்புச் சாலையிலிருந்து தம் பட்டறைக்குக் கொண்டுவர, அவரிடம் பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. அவ்வண்டியில் அவருக்குக் குறை ஒன்று தோன்றிற்று. வெறுமையாக நிற்கும்போது அதன் முன்புறம் பின்புறத்தினும் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. பலகையை இழைத்து மட்டம் பார்த்துப் பழகிய அவர் கண்ணுக்கு அத்தாழ்வு முள்ளாக உறுத்தியது. தெருவிலுள்ள இளைஞர் சிலர் தம் வண்டிகளின் முகப்பை உயர்த்தி, நிமிர்ந்த நடையுடன் ஓட்டிச் சென்றனர். “நம் வண்டியையும் மட்டமாக்கிவிடலாம்” என்று அவர் ஒரு நாள் மகளிடம் கூறினார்.

அதற்கு வேண்டிய பொருள் மிகச் சிறியது. ஸ்பேசர் எனப்படும் ஓர் அங்குலக் கனமுள்ள இடைவளையம் பக்கத்திற்கு ஒன்று போதும். ஓர் அங்குல வளையம் இரண்டு அங்குல உயரம் தருவது எவ்வாறு என்று மகள் வினவினாள். தச்சர் தரையில் சுண்ணக்கட்டியால் படம் வரைந்து விளக்கினார். முன்சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு இரும்புக் கரங்கள் பற்றியுள்ளன. கீழ்க்கரத்தின் ஒரு முனை வண்டியின் சட்டத்தோடு கீல்போல் இணைந்துள்ளது; மறுமுனை சக்கரத்தைத் தாங்குகின்றது. ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில்லும், அதன் நடுவே அமைந்த ஷாக் அப்சார்பரும் ஏறத்தாழ அக்கரத்தின் நடுவில் நிற்கின்றன. கதவின் நடுவைப் பிடித்து ஓர் அங்குலம் தள்ளினால், அதன் வெளியோரம் இரண்டு அங்குலம் நகரும் அன்றோ? அவ்வாறே வில்லின் தலைமேல் ஓர் அங்குலம் கூட்டினால், வெளியே உள்ள சக்கரம் இரண்டு அங்குலம் கீழிறங்குகின்றது. வண்டி அந்த அளவு மேலெழுகின்றது. வில்லின் நீளமும் அது தாங்கும் பாரமும் ஏறத்தாழ முன்போலவே இருக்கின்றன. நிற்கும் நிலையே மாறுகின்றது.

ஒகையோ மாநிலத்தில் பனிக்காலத்துச் சாலைகளில் உறைபனியை உருக்க உப்பைத் தூவுவர். அவ்வுப்பு வண்டியின் அடியில் படிந்து இரும்பைத் தின்னும். ஆதலின் தச்சர் வெள்ளிக்கிழமை மாலையே ஒவ்வொரு நட்டின்மேலும் துருவிளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டார். சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கிற்று. பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டார். ஜாக்கியால் முன்புறத்தைத் தூக்கினார். தூக்கியவுடன் சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் பாரத்தை இறக்கினார். “ஜாக்கி தூக்குவதற்கு, தாங்கியே தாங்குவதற்கு. ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் தலையை நீட்டாதே” என்று மகளை எச்சரித்தார்.

சக்கரம் கழன்றது. இரு பக்க வில்லமைப்புகளையும் இணைக்கும் சாய்வுத்தடுப்புத் தண்டின் இணைப்பு விடுபட்டது. மேற்கரத்தின் முனையில் உள்ள பந்துமூட்டு, பல முறை தட்டியபின் இசைந்து கொடுத்தது. அது விடுபட்டதும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புமுழங்கை வெளிப்பக்கமாகச் சாய முற்பட்டது. அதன் பாரம் பிரேக்கின் ரப்பர்க் குழாயில் விழுந்தால் குழாய் உள்ளே கிழியக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் பிரேக்கை மிதிக்கும்போதுதான் கேடு வெளிப்படும். ஆகவே, தச்சர் முழங்கையைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டினார்.

வில்லின் தலைப்பகுதியில் சுற்றிலும் மூன்று சிறு நட்டுகளும் நடுவில் ஒரு பெரிய நட்டும் இருந்தன. மூன்றைக் கழற்றுவதினும் ஒன்றைக் கழற்றுதல் எளிதென எண்ணி, மகள் நடுநட்டின்மேல் திருகுச்சாவியை வைத்தாள். தச்சர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றினார். சில கணங்கள் இருவரும் பேசவில்லை.

“அது வண்டியோடு வில்லைப் பிணைக்கும் நட்டன்று, வில்லையே அடக்கி வைத்திருக்கும் நட்டு” என்று அவர் தாழ்ந்த குரலில் கூறினார். வண்டியிலிருந்து கழற்றி எடுத்த பின்னரும் அச்சுருள் பல நூறு கிலோ எடையின் அழுத்தத்தால் ஒடுங்கியே கிடக்கின்றது. நடுநட்டு விடுபடின், ஒடுங்கிய விசை முழுவதும் ஒரு நொடியில் வெளிப்பட்டு, எதிரில் நிற்பவரைத் தாக்கும். வில்லை அழுத்திப் பிடிக்கும் தனிக்கருவியின்றி அந்நட்டைத் தொடுதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். நல்வாய்ப்பாக, இடைவளையத்தைப் பொருத்த அதைத் தொடவேண்டிய தேவையே இல்லை. சுற்றியுள்ள மூன்றையும் கழற்றி, வில்லமைப்பை முழுமையாக வெளியே எடுத்து, அதன் தலைமேல் வளையத்தை வைத்து மீண்டும் பூட்டினால் போதும். “அசையாது கிடப்பதெல்லாம் ஆற்றலற்றது என்று எண்ணாதே” என்று தச்சர் கூறிய சொல் மகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

மாலைக்குள் இரு பக்கமும் வளையங்கள் அமர்ந்தன. தச்சர் தாம் தளர்த்திய ஒவ்வொரு நட்டையும் இறுக்கத்தின் அளவைக் காட்டும் திருகுச்சாவியால் குறித்த அளவுக்கு இறுக்கினார். கீழ்க்கரத்தின் உள்முனை போல்ட்டுகளை மட்டும் அப்போது இறுக்கவில்லை. அவ்விடத்தில் இரும்புக்கிடையே ரப்பர் புஷ் உள்ளது. கரம் தொங்கும் நிலையில் அதை இறுக்கினால், வண்டி தரையில் நின்றவுடன் ரப்பர் முறுக்குண்டு, நாளும் அம்முறுக்கிலேயே இருந்து விரைவில் கிழியும். ஆதலின் சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் முழுதும் சக்கரங்களில் நின்ற பின்னரே அவற்றை இறுக்கினார். எந்த நிலையில் வாழப்போகின்றதோ, அந்த நிலையில் பிணைத்தலே முறை என்பது தச்சுத்தொழிலிலும் உள்ள நெறியாகும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி மட்டமாக நின்றது. திங்கட்கிழமை அதை வீல் அலைன்மென்ட் செய்யும் பட்டறைக்குக் கொண்டு சென்றார். கரங்களின் கோணம் மாறியதால் ஸ்டியரிங் தண்டின் கோணமும் மாறும். சக்கரங்கள் நேரே நோக்காமல் உள்ளோ புறமோ திரும்பி நிற்கும். டயர் ஒருபக்கமாகத் தேயும். அதையும் கருவியால் அளந்து செம்மை செய்வித்தார். நூறு மைல் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சோதித்தார். தாம் செய்யவேண்டிய யாவற்றையும் செய்து முடித்ததாகவே அவர் நம்பினார்.

இலையுதிர் காலத்து மாலை ஒன்றில் அறுப்புச் சாலையில் தொட்டி நிறையக் கருவாலிப் பலகைகளை ஏற்றினார். புறப்படும்போது இருட்டிவிட்டது. இருவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தார். எதிரே வந்த கார் ஒன்று இருமுறை விளக்கை அணைத்து ஏற்றியது. உயர்ந்த ஒளியைத் தாழ்த்தும்படி வேண்டும் குறிப்பு அது. ஆனால், தச்சர் முன்னரே தாழ்ந்த ஒளியையே ஏற்றியிருந்தார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மற்றொரு கார் வந்தது. அது அருகில் வந்ததும் தடுமாறி, சாலையின் விளிம்பைக் கடந்து, சரளைமண்ணில் புழுதி எழச் சறுக்கி நின்றது. அதனினும் நான்கடி அப்பால் நீரோடும் ஆழ்ந்த வாய்க்கால் இருந்தது.

தச்சர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடினார். காரில் முதிய அம்மையார் ஒருவர் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பற்றியவாறு அமர்ந்திருந்தார். பின்னிருக்கையில் சிறு பையன் ஒருவன், பேத்தியின் கையையோ பேரனின் கையையோ பற்றும் துணையின்றி, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தான். எவருக்கும் காயமில்லை. அம்மையார் கடிந்துரைக்கவில்லை. “வெளிச்சம் கண்ணை மறைத்துவிட்டது. சாலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை” என்று மட்டும் கூறினார். தச்சருக்கு விடை கூற வாய் எழவில்லை. பலமுறை பொறுத்தருள வேண்டிக்கொண்டு, அவர் கார் பாதுகாப்பாகச் சாலையில் ஏறிச் செல்லும்வரை நின்றுவிட்டு, தம் வண்டியை மிக மெல்ல ஓட்டி வீடு சேர்ந்தார்.

அன்றிரவு மகள், வளையங்களோடு வந்த குறிப்புத்தாளை எடுத்து விரித்தாள். அதன் கடைசி வரி முன்விளக்குகளின் நோக்கை மீண்டும் சரி செய்க எனக் கூறிற்று. தொழில் தெரிந்த தச்சர் அவ்வரிவரை படிக்கவில்லை. அவர் மாற்றியது வில்லை, மாறியது விளக்கு.

கணக்கு எளியது. அவ்வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 அடி. 12 அடிக்கு 2 அங்குலம் நிமிர்ந்தால், விளக்கின் ஒளி 100 அடிக்கு அப்பால் 16 அங்குலத்துக்கு மேல் உயரும். வண்டியே உயர்ந்த 2 அங்குலம் அதனோடு சேரும். பலகைகளின் பாரத்தால் பின்புறம் தாழும்போது அவ்வுயர்வு ஏறத்தாழ இரு மடங்காகும். சாலையைக் காட்டப் பிறந்த ஒளி, எதிரே வருவோர் கண்ணைக் குத்தும் வேலாயிற்று.

மறுநாட் காலையில் பலகைகளை இறக்கும் முன்னர், தச்சர் எட்ட நின்று தம் வண்டியைப் பக்கவாட்டில் நோக்கினார். முகப்பு வானை நோக்கியது; வால் தரையை நோக்கியது. ஒவ்வொரு பலகையாக இறக்க இறக்க, பின்புறம் சிறிது சிறிதாக எழுந்தது. அப்போதுதான் அவருக்கு உண்மை விளங்கிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது முன்புறம் தாழ்ந்திருந்தது குறையன்று. பின் அச்சின்மேல் உள்ள பட்டைவில் சுமைக்காக வளைத்து அமைக்கப்பட்டது. சுமையின்றி நிற்கும்போது அது நிமிர்ந்து நிற்கும். சுமை ஏறியதும் தணிந்து, வண்டியை மட்டமாக்கும். வண்டியை அமைத்தவர்கள் வெறும் வண்டியைக் காணவில்லை. அது ஏற்கப்போகும் சுமையையும் சேர்த்தே கண்டனர். பண்டைத் தமிழ்நாட்டு உமணர், மூட்டைகளை ஏற்றிய வண்டியின் கீழ் வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர் எனச் சங்கப் பாடல் கூறும். வழியில் வரக்கூடிய மேட்டையும் பள்ளத்தையும் புறப்படும் முன்னரே எண்ணியவர் அவர். அத்தகைய எண்ணமே இத்தாழ்விலும் இருந்தது. தச்சர் அதைக் குறையென்று கொண்டு, நாள்தோறும் சுமை ஏற்றும் வண்டியை, நாள்தோறும் சாயும் வண்டியாக ஆக்கிவிட்டார்.

விளக்கின் நோக்கைத் தாழ்த்திவிட்டு வளையங்களை அப்படியே விட்டிருக்கலாம். வெறும் வண்டியாகவே ஓட்டுவோர்க்கு அது போதியதாகும். ஆனால் அவர் வண்டி வாரத்தில் ஐந்து நாள் பாரம் சுமப்பது. அன்றியும், முகப்பு நிமிர்ந்தபோது அதன் முன்னே நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநர் கண்ணுக்கு மறையும் இடம் நீண்டதையும் அவர் உணர்ந்தார். அடுத்த சனிக்கிழமை தந்தையும் மகளும் மீண்டும் தாங்கிகளை நிறுத்தினர். இம்முறை மகள் மூன்று நட்டுகளைக் கழற்றினாள்; நடுநட்டை நோக்கியும் பாராள் ஆயினாள். வளையங்கள் வெளியே வந்தன. சக்கரங்களின் நேரும் விளக்குகளின் நோக்கும் மீண்டும் சோதிக்கப்பெற்றன. வண்டி பழையபடி முன் தாழ்ந்து நின்றது. முன்பு முள்ளாக உறுத்திய அத்தாழ்வு, இப்போது அவர் கண்ணுக்குப் பணிவாகத் தோன்றிற்று.

வளையங்கள் வீணாகவில்லை. அத்தெருவிலேயே அவரது வண்டியை ஒத்த வண்டி வைத்திருந்த ஒருவர், பனிக்காலத்தில் அதன் முகப்பில் பனி தள்ளும் பெரிய இரும்புத்தகட்டைப் பூட்டி, வீட்டு வாயில்களைத் துப்புரவு செய்து பிழைத்து வந்தார். அத்தகட்டின் பாரத்தால் அவர் வண்டியின் முன்புறம் மிகத் தாழ்ந்து, மேடு கண்டவிடமெல்லாம் தகடு தரையில் இடித்தது. தகட்டின் எடையை வண்டியின் முன் அச்சு தாங்குமா என்பதை முதலில் கையேட்டில் பார்த்து உறுதி செய்தபின், தச்சர் அவ்வளையங்களை அவருக்குக் கொடுத்துத் தாமே உடனிருந்து பொருத்தினார். முன்னே பாரம் ஏற்கும் வண்டிக்கு முன்னே உயரம் தக்கதாயிற்று. ஒரே வளையம் ஓரிடத்தில் பிழையாகவும் மற்றோரிடத்தில் துணையாகவும் அமைந்தது. பொருத்தி முடித்ததும், மகள் குறிப்புத்தாளை எடுத்து அதன் கடைசி வரியை உரக்கப் படித்தாள். மூவரும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, தகடு பூட்டிய நிலையிலேயே விளக்கின் நோக்கைச் சரி செய்தனர்.

தம் உடைமையைத் தம் கையால் மாற்றியமைத்தல் போற்றத்தக்க பண்பு. அதில் அறிவு வளர்கின்றது. உழைப்பில் மதிப்புத் தோன்றுகின்றது. எனினும் சாலையில் ஓடும் வண்டி ஒருவருக்கே உரியதன்று. எதிரே வரும் அறியாத ஒருவரின் உயிரும் அதனோடு பிணைந்துள்ளது. ஆதலின் ஒன்றை மாற்றுவோர், அஃது ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். மாற்றியபின், அதனால் வேறு எவை மாறின என்பதைக் கடைசி வரிவரை தேடுதல் வேண்டும். இவ்விரண்டும் செய்தவர் கையில் திருகுச்சாவி நல்ல கருவியாகும்.